கல்யாணம் ஆகாதவர், கல்யாணம் ஆகாதவர்களை ஆராயலாமா?

கேள்வி: மேடம், எனக்கு 33 வயது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எம்.எஸ்ஸி. உளவியல் முடித்துவிட்டு ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். அடுத்து பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய வேண்டும். திருமணம் செய்துகொள்ளாமல் வாழும் பெண்களைப் பற்றி, அதுவும் நம் டெல்டா கிராமங்களில், ஆராய்ச்சி செய்ய ஆசை. கைடாக வருவதாக இருந்த பேராசிரியர், “இது உன் சொந்தக் கதை, ஆராய்ச்சி ஆகாது. தேர்வு பயம், செல்போன் பழக்கம் என்று ஏதாவது எடு” என்று சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். அம்மா என்னைத் திருமணஞ்சேரிக்கு அழைத்துப் போய் வாங்கி வந்த மாலை பூஜை அலமாரியில் காய்ந்து கிடக்கிறது. “இந்தத் தலைப்புல படிச்சா வர்ற வரனும் வராது” என்று அழுகிறார். கல்யாணமே வேண்டாம் என்று நான் முடிவெடுக்கவில்லை. ஆகவில்லையே என்று தவிக்கவும் இல்லை. இது உளவியலில் ஒரு துறைதானா? இதை வைத்து ஒருவர் காலம் தள்ள முடியுமா? நானே கல்யாணம் ஆகாதவள் என்பதால் என் ஆய்வு செல்லாமல் போய்விடுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்களை அதிகம் கலக்கியிருப்பது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் ஆய்வு செல்லும். கல்யாணமானவர்கள் கல்யாணத்தை ஆராய்ந்திருக்கிறார்கள், பிள்ளை பெற்றவர்கள் பிள்ளை வளர்ப்பை ஆராய்ந்திருக்கிறார்கள். “இது உன் சொந்தக் கதை ஆயிற்றே” என்று வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் அவர்களை யாரும் மடக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்களிடம் மட்டும் அந்தக் கேள்வி வருகிறதென்றால், கல்யாணமாகி இருப்பது இயல்பு, ஆகாமல் இருப்பது விளக்கம் சொல்ல வேண்டிய விஷயம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. அந்த நினைப்பே ஆராய வேண்டிய ஒன்றுதான்.

இது துறைதானா என்று கேட்டீர்கள். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெல்லா டிபாலோ என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். 1979இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதன்பிறகு இருபது வருடம்போல வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே அவர் பெயர் எடுத்தது பொய்யைப் பற்றிய ஆராய்ச்சியில். 1996இல் வந்த அவருடைய ஆய்வு ஒன்றை நீங்கள் பாடத்திலேயே படித்திருக்கலாம். 77 கல்லூரி மாணவர்கள், ஊரிலிருந்து 70 பேர், எல்லோரிடமும் ஒரு வாரம் குறிப்பு எழுதச் சொன்னார்கள். யாரிடம் பேசினோம், அதில் எங்கே பொய் சொன்னோம், எதற்காகச் சொன்னோம் என்று. மாணவர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டு பொய், மற்றவர்கள் ஒன்று. பொய் ஆராய்ச்சியில் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டும் வேலை அது.

இப்படி நிலைபெற்ற ஒருவர், 2000இல் ஒரு வருட விடுப்பில் கலிஃபோர்னியாவுக்குப் போனார். திரும்பி வரவில்லை. சாந்தா பார்பராவில் தங்கி, தனித்து வாழ்பவர்களைப் பற்றி ஆராயவும் எழுதவும் இறங்கினார். அவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்தான், அதை ஒளித்ததும் இல்லை. 2005இல் வெண்டி மாரிஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரையில், கல்யாணமாகாதவர்களைச் சமூகமும் நம் உளவியல் துறையும் எப்படி மட்டமாகப் பார்க்கின்றன என்று எடுத்து வைத்தார். அந்த மனப்போக்குக்கு ‘சிங்கிளிசம்’ என்று பெயரும் வைத்தார். அதை வெளியிட்ட உளவியல் இதழ் கட்டுரையைத் தனியே போடாமல், ஒத்துப்போகிறவர்கள், மறுக்கிறவர்கள் எல்லோருடைய கருத்துகளையும் கூடவே அச்சிட்டது. துறை அதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு அதுவே போதும். அடுத்த வருடமே பொது வாசகருக்கான புத்தகம் வந்தது. இன்று கனடாவில் ஜெஃப் மெக்டொனால்ட், யுத்திகா கிர்மே, இஸ்ரேலில் எல்யாகிம் கிஸ்லெவ் என்று இதே விஷயத்தில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். சாரா லாம்ப் என்ற மானிடவியலாளர் இந்தியாவில் கல்யாணமாகாத பெண்களைப் பற்றி, பெரும்பாலும் வங்கத்தில் தங்கி ஆராய்ந்து, 2022இல் ஒரு புத்தகமே வெளியிட்டிருக்கிறார். உங்கள் பேராசிரியர் கேட்டால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

டிபாலோவிடமிருந்து நீங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது தைரியத்தை என்று பலரும் சொல்வார்கள். யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வேன். “கல்யாணமானவர்கள் அதிக சந்தோஷமாக இருக்கிறார்கள்” என்று செய்தி வரும். உள்ளே போய்ப் பார்த்தால், இன்றைய தேதிக்கு யார் கல்யாணப் பந்தத்தில் இருக்கிறார்களோ அவர்களை மட்டும் ஒரு பக்கம் நிறுத்தியிருப்பார்கள். கல்யாணமாகிப் பிரிந்தவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர் எல்லோரும் எதிர்ப்பக்கத்தில். வெள்ளத்தில் அழுகிய வயலையெல்லாம் விட்டுவிட்டு, தப்பித்த வயலில் மட்டும் ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று எண்ணி, இந்த நெல் ரகம் எவ்வளவு அருமை பார் என்று சொல்வது போன்ற கணக்கு அது. கல்யாணம் ஒருவருக்கு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், கல்யாணம் செய்துகொண்ட எல்லோரையும் எடுக்க வேண்டும், முறிந்து போனவர்களையும் சேர்த்து. அதைவிட நல்லது, ஒரே ஆட்களைப் பல வருடம் பின்தொடர்வது.

அப்படிப் பின்தொடர்ந்த ஆய்வும் இருக்கிறது. ஜெர்மனியில் 24,000க்கும் மேற்பட்டவர்களிடம் வருடா வருடம் 15 வருடம் திரட்டிய தகவலை வைத்து, ரிச்சர்ட் லூகாஸும் அவருடைய சகாக்களும் 2003இல் எழுதினார்கள். கல்யாணத்தை ஒட்டி மனநிறைவு கொஞ்சம் ஏறுகிறது. அப்புறம் சராசரியாகப் பார்த்தால் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. கல்யாணமாகி சேர்ந்தே இருந்தவர்கள், கல்யாணத்துக்கு முன்பே மற்றவர்களைவிடச் சற்று நிறைவாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஒரே ஒரு நாளில் கேட்டு எடுக்கும் ஆய்வில் இது எதுவும் தெரியவே தெரியாது.

அதேபோல, தனித்து இருப்பவர் ஒதுங்கிப்போனவர் என்ற எண்ணம். 2016இல் நடாலியா சர்கிசியன், நயோமி கெர்ஸ்டல் இருவரும் அமெரிக்கத் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, பெற்றோர், உடன்பிறந்தோர், அக்கம்பக்கம், நண்பர்கள் என்று எல்லோரோடும் அதிகம் தொடர்பில் இருப்பதும், உதவி செய்வதும் பெறுவதும் கல்யாணமாகாதவர்கள்தான் என்று வந்தது. நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம் என்பீர்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது யார், தம்பி பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது யார் என்று தெருவில் கேட்டாலே சொல்வார்கள். ஆனாலும் தெருவுக்குத் தெரிந்தது எண்ணாக, பதிவாக இல்லாதவரை எந்தத் திட்டத்திலும் ஏறாது.

பதிவில் இல்லாமல் போனது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் முன்னுரைக்கு உதவும். நம் நாட்டில் குடும்ப நலத்தைக் கணக்கெடுக்கும் பெரிய ஆய்வு, தேசியக் குடும்ப நல ஆய்வு. 1992–93, 1998–99 என்று முதல் இரண்டு சுற்றிலும், ஒருமுறையாவது கல்யாணமான பெண்களிடம் மட்டுமே நேர்காணல் எடுத்தார்கள். கல்யாணமாகாத பெண்ணிடம் பேசியது 2005–06இல் நடந்த மூன்றாவது சுற்றில்தான். இன்றும் பெண்களுக்கான வினாத்தாள் 15 முதல் 49 வயது வரைக்கும்தான். 55 வயதில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் உடம்பும் மனமும் எப்படி இருக்கின்றன என்று அந்த ஆய்வு அவரிடம் கேட்பதில்லை. உங்கள் ஆய்வில் அந்த வயதுக்காரர்களை விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதுவரை சொன்னது, உங்களுக்குத் துணையாக நிற்கக்கூடிய ஆராய்ச்சி. இனி நான் சொல்லப்போவது, அதை அப்படியே டெல்டாவுக்குக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள் என்பது. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

டிபாலோ அதிகம் எழுதுவது, தனித்து வாழ்வதே தன் இயல்பு என்று உணர்ந்து, அதை விரும்பி வாழ்பவர்களைப் பற்றி. அப்படிப்பட்டவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் ஐம்பது வயதில் கல்யாணமாகாமல் இருக்கும் பெண்ணின் கதை பெரும்பாலும் வேறு மாதிரி. ஜாதகத்தில் செவ்வாய் என்று தள்ளிப் போயிருக்கும். மூன்று தங்கைகளை அனுப்பி வைப்பதற்குள் தலை நரைத்திருக்கும். நகைக்கு வழியில்லாமல் நின்றிருக்கும், அல்லது அப்பா படுத்த படுக்கையாக இருந்திருப்பார். ஆரம்பத்தில் தள்ளப்பட்டு, பிறகு அதிலேயே ஊன்றி, இப்போது யார் வந்து பெண் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்தவர்களும் ஏராளம். விரும்பியவர், தள்ளப்பட்டவர் என்று இரண்டே பெட்டி வைத்தால் இவர்கள் எதிலும் அடங்க மாட்டார்கள். “எப்போதிலிருந்து இது உங்களுக்குச் சரி என்று பட்டது? அப்படிப் பட்டதே இல்லையா?” என்று காலத்தோடு சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, டிபாலோ எழுதும் அமெரிக்காவில் தனித்து இருப்பவர் பெரும்பாலும் தனி வீட்டில் இருப்பவர், அல்லது வீட்டுச் சாவி தன் கையில் இருப்பவர். இங்கே அவர் அண்ணன் வீட்டில் இருப்பவர். இந்த வித்தியாசத்தை எனக்கு அழுத்தமாகப் புரியவைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஐம்பது தாண்டியவர், சத்துணவு அமைப்பாளர். தூக்கம் வரவில்லை என்பது பிரச்சினை. கும்பகோணத்தில் பார்த்த டாக்டர், உடம்பில் ஒன்றும் இல்லை என்று என்னிடம் அனுப்பியிருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வந்தது. நலங்கு வைக்கிற அன்று காலையில் சந்தனம் கரைத்தது, மஞ்சளும் குங்குமமும் எடுத்து வைத்தது, தட்டில் வெற்றிலை அடுக்கியது எல்லாம் இவர்தான். “சுமங்கலிங்கள்லாம் வாங்க” என்று குரல் வந்ததும், தட்டைக் கொடுத்துவிட்டுக் கூடத்துத் தூணை ஒட்டி நின்றுகொண்டாராம். விரலிடுக்கில் சந்தனம் காய்ந்து வெடித்து உதிர்ந்ததைச் சொன்னார். நான் அதுதான் காயம் என்று நினைத்துப் பேசப் போனேன். “அதெல்லாம் எப்பவும் உள்ளதுதாங்க” என்று கையை ஆட்டிவிட்டார். பிறகு கொஞ்சம் பொறுத்து, அண்ணன் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டப்போவதாகச் சொன்னார். பிளான் போட்டாகிவிட்டது. கீழே ஹால், சமையல்கட்டு, அண்ணன் அறை. மேலே மகன், மருமகள். “எனக்கு எந்த ரூம்னு யாரும் சொல்லலை. நானும் கேக்கலை.” தூக்கம் போனது அந்த வாரத்திலிருந்துதான்.

இந்த அம்மாவிடம் நீங்கள் தனிமை அளவுகோலை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் துறையில் எல்லோரும் எடுப்பது 1978இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான 20 வாக்கிய அளவுகோல். பேச ஆள் இருக்கிறதா, கூட்டத்தில் ஒருவராக உணர்கிறீர்களா என்ற போக்கில் போகும். அந்த அம்மாவுக்கு நல்ல மதிப்பெண்தான் வந்திருக்கும். வீடு நிறைய ஆட்கள், பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகள். தனிமை இல்லை என்று எழுதிவிட்டு நீங்கள் எழுந்து வந்திருப்பீர்கள். அவரை உலுக்கியது, தான் இருக்கும் இடம் யாருடையது என்ற கேள்வி.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வினாத்தாளில் அளவுகோல் இருக்கட்டும், ஆனால் முன்னால் வேறு கேள்விகள் இருக்கட்டும். எந்த அறையில் படுக்கிறீர்கள், அதில் உங்கள் பெட்டியைத் தவிர வேறு என்னென்ன வைத்திருக்கிறார்கள்? ரேஷன் கார்டில் நீங்கள் யாருக்கு என்ன உறவாகப் பதிவாகியிருக்கிறீர்கள்? பேங்க் கணக்கில் நாமினி யார்? ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போடுவது யார்? ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு வலித்தால் முதலில் யாரை எழுப்புவீர்கள்? வீட்டில் விசேஷம் என்றால் உங்களுக்கு என்ன வேலை, எந்த இடத்தில் நிற்பீர்கள்? இப்படிக் கேட்டால் அவர்கள் வாழ்க்கையே எழுந்து வரும். மனநலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கமிட்டியில் கேட்பார்கள். நாளை எங்கே இருப்போம் என்ற நிச்சயம் இல்லாதவருக்குத் தூக்கம் எப்படி வரும் என்று திருப்பிக் கேளுங்கள்.

நிலத்தைப் பற்றியும் கேட்காமல் வராதீர்கள், டெல்டாவில் எல்லாமே கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம், பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்குக் கிடையாது என்று விலக்கும் வைத்தது. அதாவது அன்று கல்யாணமாகாமல் இருந்த பெண்ணுக்குச் சட்டப்படி பங்கு வந்துவிட்டது. இன்று அறுபதை நெருங்கும் பலர் அந்த வயதுக்காரர்கள். அந்தப் பங்கு பட்டாவில் ஏறியதா, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்பட்டதா, அன்று அவர் மனதில் என்ன ஓடியது என்று கேட்டு எழுதினால், சட்டப் புத்தகத்தில் கிடைக்காத ஒன்று உங்கள் கையில் இருக்கும். இன்னொன்றும் அவர்களில் பலருக்குத் தெரியாது. கல்யாணமாகாத, பிள்ளை இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் போய்விட்டால், தாய் தகப்பன் உயிரோடு இல்லாத நிலையில், அவர் தானே சம்பாதித்து வாங்கியதும் தகப்பனாரின் வாரிசுகளுக்குப் போகும். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட சிநேகிதிக்கோ, தத்தெடுக்காமல் வளர்த்த பிள்ளைக்கோ போகாது. நாமினியாகப் பெயர் இருப்பதும் சொத்து அவருக்கே என்று ஆகிவிடாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில் வேண்டும். முத்திரைத்தாள்கூடத் தேவையில்லை. நேர்காணல் முடிந்து எழுந்திருக்கும்போது இந்தத் தகவலை அவர்களுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள். நம்மிடம் மனதைத் திறந்தவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது அது.

டிபாலோவின் முதல் பாதி வாழ்க்கையிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன், அந்த நாட்குறிப்பு முறையை. முப்பது தாண்டிக் கல்யாணமாகாத ஒருவரிடம் ஒரு வாரத்தில் எத்தனை பேர் “இன்னும் ஒண்ணும் அமையலையா?” என்று கேட்கிறார்கள்? டவுன் பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், பந்தியில் பக்கத்து இலைக்காரர், கோயில் பிராகாரத்தில் தெரிந்த முகம். அப்போது இவர் என்ன பதில் சொல்கிறார்? “பாத்துக்கிட்டிருக்காங்க”, “ஜாதகம் பொருந்தலை”, “தம்பிக்கு முடியட்டும்னு இருக்கேன்.” இதில் எது உண்மை, எது அந்த இடத்தைக் கடப்பதற்காகச் சொன்னது, எதைச் சொன்ன பிறகு மனம் கனத்தது? எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு சின்ன நோட்டுக் கொடுங்கள். மற்றவர்களை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் போதும். கேள்வி கேட்கிறவர்களின் வேகமும், பதில் சொல்கிறவர்களின் களைப்பும் அப்படியே பதிவாகும். ஆண்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். விவசாயம் பார்க்கும் பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்பது ஊருக்கு ஊர் கேட்கும் பேச்சு. அந்தப் பையன்கள் அதை எப்படித் தாங்குகிறார்கள் என்று அவர்களிடமே யாராவது கேட்க வேண்டும்.

ஒரு கவனம் சொல்ல வேண்டும். தஞ்சை மண் ஆராய்ச்சியாளர்களுக்குப் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில் கேத்லீன் கஃப் வந்து தங்கினார். 1961–62இல் ஆந்த்ரே பெத்தேல் திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். இருவருமே ஊரின் உண்மைப் பெயரை எழுதவில்லை. கும்பபேட்டை, ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார்கள். உங்களுக்கு அதுவும் போதாது. ஒரு கிராமத்தில் கல்யாணமாகாத ஐம்பது வயது டீச்சர் ஒருவர்தான் இருப்பார். பெயரை மாற்றிவிட்டு “டீச்சர்” என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். தொழிலை மாற்றுங்கள், இரண்டு ஊரை ஒன்றாக்குங்கள், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை மாற்றுங்கள், எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். அண்ணி அடுக்களையில் இருக்கும்போது அண்ணன் வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்திலோ, களத்து மேட்டிலோ, அவர் சொல்லும் வேறு இடத்திலோ உட்காருங்கள்.

உங்கள் சொந்த நிலைமையை மறைக்கவே வேண்டாம். ஆய்வுமுறை அத்தியாயத்தில், நான் யார், ஏன் இந்தத் தலைப்பு, அது என் கேட்கும் விதத்தை எப்படிப் பாதித்திருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். எண்ணிக்கையைவிட அனுபவத்தைக் கேட்டு எழுதும் பண்பறி ஆய்வில் இது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. ஒவ்வொரு நேர்காணல் முடிந்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது என்று தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். யாராவது “கல்யாணம் பண்ணிக்காதது தப்பாப் போச்சு” என்று சொல்லி, அதைக் கேட்க உங்களுக்குப் பிடிக்காமல் போனால், அன்று இரண்டு மடங்கு கவனமாக எழுதுங்கள். அந்த வாக்கியம் உங்கள் ஆய்வில் முழு எடையோடு இருக்க வேண்டும். நடுவில் உங்களுக்கே கல்யாணம் ஆகிவிட்டாலும் ஆய்வுக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஒரு பக்கத்தில் இரண்டு வரி சேரும், அவ்வளவுதான்.

காலம் தள்ள முடியுமா என்ற கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். டிபாலோ வேலையை விட்டது, பெயர் எடுத்து, நிரந்தரப் பதவியில் இருந்த பிறகு. நீங்கள் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு இருக்கும் வேலையை விடாதீர்கள். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில், இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்து வருடச் சலுகை உண்டு. 33இல் இருக்கும் உங்களுக்குக் கதவு இன்னும் திறந்திருக்கிறது, ஆனால் அதிக நாள் இல்லை. உடனே படிக்க உட்காருங்கள். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். கைடு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அந்தப் பேராசிரியருக்கு இந்தத் துறை பழக்கமில்லை, அவ்வளவுதான். முதியோர் மனநலத்தில் ஆய்வு செய்பவரிடமோ, சமூகப்பணித் துறையிலோ, பெண்ணியல் துறையிலோ கேட்டுப் பாருங்கள். தலைப்பையும் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளுங்கள். “டெல்டா கிராமங்களில் 45 வயதைக் கடந்த, திருமணமாகாத பெண்களின் வீட்டுச் சூழலும் மனநலமும்” என்று போனால் சொந்தக் கதை என்று யாரும் தள்ள முடியாது. உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே பன்னிரண்டு வருடம் இருக்கிறது, அதுவும் நல்லதுதான்.

அப்புறம் அம்மா. அவர் பயம் பொய்யில்லை. தனக்குப் பிறகு மகள் யார் வீட்டில் இருப்பாள் என்பதுதான் அந்தப் பயம். நான் உங்களை ஆராயச் சொல்லும் அதே கேள்வி. அதனால் அவரை எதிர்க்கட்சியாக நினைக்காதீர்கள். அந்த மாலை அங்கேயே இருக்கட்டும், அது அவருடைய வேண்டுதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் பேரில் என்ன இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, இந்த வீட்டில் உங்கள் பங்கு என்ன, தம்பியிடம் இதைப் பேசியாயிற்றா என்று நிதானமாகப் பேசுங்கள். வரன் பார்ப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் வேண்டாம் என்று நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் ஒன்று, இந்த ஆய்வை உங்கள் தாயாருக்குச் சொல்லும் பதிலாக எழுதிவிடாதீர்கள். அவரிடம் நேரில் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நேர்காணலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணும் உங்கள் கட்சிக்கு சாட்சியாகத்தான் தெரிவார்.

காலம் மாறியிருக்கிறது என்பதையும் அவருக்குச் சொல்லலாம். மயிலாடுதுறை பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு அரசு கொடுத்துவந்த உதவி, 2022இல் அவர் பெயரிலேயே மேற்படிப்புக்கான உதவியாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். தாலிக்குத் தங்கம் வாங்கிய வீட்டிலேயே அடுத்த பெண் கல்லூரிக்கு பஸ் ஏறுகிறாள். அவள் எப்போது கல்யாணம் செய்துகொள்வாள், செய்துகொள்வாளா என்பதைப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், இன்றைய பெரியவர்களிடம் அவர்கள் கதையைக் கேட்டு வைத்த பதிவு வேண்டும்.

களப்பணிக்குக் கிளம்பும் முன் மூன்று நான்கு பேரிடம் மட்டும் பேசிப் பாருங்கள். வினாத்தாள் அதிலேயே பாதி மாறிவிடும். வயல் வேலைக்குப் போகும் பெண்களையும் சேர்ப்பதாக இருந்தால் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை, பங்குனியில் உளுந்தும் பயறும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை நடவுக்கு ஆள் பிடிக்க முடியாது. சித்திரை கடைசியும் வைகாசியும்தான் தோது, அதிலும் நூறு நாள் வேலை முடிந்து வந்து சாப்பிட்டு உட்காரும் மத்தியானம். கேள்விகளின் முதல் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.